இரண்டு இழுத்தால் போகலாம்

இடுப்புப் பட்டியில் முடிந்திருந்த சிறு கயிறு இரண்டு தரம் இழுபட்டது. இரண்டு இழுப்பு என்றால் போகலாம் என்று அர்த்தம். வசீகரன் விசையை அழுத்தினான். பனிமேல் ஓடுகிற ஸ்னோமொபைல் உறுமிக்கொண்டு ஓரடி நகர்ந்தது. அப்போதுதான் வலப்பக்கம் கண் போனது. பின்னால் ஸ்லெட்டுக்குள் ஏறியிருந்து அந்தக் கயிற்றை இழுத்திருக்க வேண்டிய றெனோல்ட், பத்தடி தள்ளிக் குனிந்து நின்று கூடாரத்தின் கடைசி முளையை உறைந்த ஏரியின் ஐஸிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய இரண்டு கையும் முளையில்தான் இருந்தன.

“ஏறாமல் ஏன் காணும் இழுத்தனீர்?” என்று வசீகரன் கத்தினான்.

றெனோல்ட் நிமிர்ந்து பார்த்தான். “நான் எங்கை அண்ணை இழுத்தனான்? இஞ்சையெல்லோ நிக்கிறன்.”

வசீகரன் இறங்கிப் போய்ப் பார்த்தான். கயிறு பனிமேல் வளைந்து வளைந்து கிடந்தது. அதன் ஒரு வளையம், காலையில் மீன்பிடிக்கத் துளைத்த ஓட்டைகளில் ஒன்றுக்குள் வழுக்கி விழுந்து தண்ணீருக்குள் தொங்கியது. சோற்றுப் பானையின் வாயளவு ஓட்டை. உள்ளே கறுத்த தண்ணீர் அசையாமல் நின்றது. அவன் கயிற்றை வெடுக்கென்று வெளியே இழுத்தான். நினைத்ததைவிடச் சற்று இறுக்கமாக வந்தது. புற்களில் மாட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டிருக்க அவனுக்கு நேரமும் இருக்கவில்லை. மணி நாலே கால்.

ஆறு மணிக்கு மொன்றியல் நோத்ர-டாம்-த-கிரேஸில் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் தங்கை தாட்சாயினி நாலு வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அண்ணன் வீட்டு வாசல்படி ஏறியிருக்கிறாள். காலையிலேயே வந்து அவன் மனைவி பாலாம்பிகையோடு குசினிக்குள் நிற்கிறாள். அவளுடைய புருசனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சாப்பாட்டு மேசையில் இருத்த வேண்டியது வசீகரனின் பொறுப்பு. புருசன்தான் றெனோல்ட்.

நாலு வருடக் கோபத்துக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். றெனோல்ட் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரைக் குடும்பத்துப் பெடியன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன். வசீகரன் தன்னைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தவன். கல்யாண எழுத்து நடந்த மண்டபத்துக்கே போய், இருநூறு பேருக்கு முன்னால், “உவனைக் கொண்டுபோய் ஆத்துக்குள்ள தள்ளிப்போட்டுத்தான் எனக்கு மற்ற வேலை” என்று கத்தினான். மொன்றியல் தமிழர் மறந்துபோகிற விஷயங்கள் எத்தனையோ உண்டு. இப்படியான பேச்சு அதற்குள் வராது. இன்றைக்கும் கோயிலில் யாராவது அவனைக் கண்டால், “என்ன, மச்சான் சுகமா இருக்கிறாரோ?” என்று ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு கேட்பார்கள்.

சமாதானத்தை முதலில் தொடங்கியவனும் றெனோல்ட்தான். தை மாதம் கோத்-தெ-நேஜ் மரக்கறிக் கடையில் கண்டு, வசீகரன் முகத்தைத் திருப்பியும் விடாமல், “ஏரி உறைஞ்சு போச்சுதண்ணை, மீனுக்குப் போவமே?” என்று கேட்டான். அப்படித்தான் துறைமுகத்தில் கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்காரன் ஒருவனுடைய பழைய ஸ்னோமொபைலை இரவல் வாங்கி, டூ மொந்தாஞ் ஏரிக்கு வந்துபோகத் தொடங்கினார்கள். மச்சான் என்று கூப்பிட வேண்டியவன், அந்த உரிமையை எடுக்காமல், அண்ணை என்றே கூப்பிட்டான். வசீகரன் அதைத் திருத்தவில்லை.

இன்றைக்கு இவ்வளவு சுணங்கியதும் றெனோல்டால்தான். பங்குனி மாதம், காலையிலிருந்தே பனி உருகிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு முன்பே மற்ற எல்லாரும் சாமான் சக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகிற வழியில் ஒரு கிழவன் வண்டியை நிறுத்தி, இரண்டு மணிக்கு முன்பே வெளிக்கிடுங்கள் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டும் போனான். வாளிக்குள் உள்ளங்கை நீளத்தில் ஒரே ஒரு மீன் கிடந்தது. “முதல் முதல் உங்கடை வீட்டை வாறன் அண்ணை, வெறுங்கையோட வாறதே?” என்று றெனோல்ட் ஓட்டையை விட்டு எழும்பவில்லை. நல்லதாய் ஒரு டோறே மீன் பட்டால் போதுமாம். வசீகரனுக்கும் அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. வெறுங்கையோடு வராதே என்று அவன் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறான். டோறே படவில்லை. மூன்றரை மணிக்கு ஏரியின் மறுபக்கத்திலிருந்து புகார், கண்ணை மறைக்கிற மூடுபனி, எழும்பி வந்தது. வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதைதான் என்று வசீகரன் வாய்க்குள் திட்டிக்கொண்டான்.

“ஏறும், கெதியா.”

றெனோல்ட் ஸ்லெட்டுக்குள் ஏறினான். பெரிய குளிப்புத்தொட்டி மாதிரியான கறுப்புப் பிளாஸ்டிக் ஸ்லெட். உள்ளே மடித்த கூடாரம், அடுப்பு, ஐஸ் துளைக்கும் கருவி, வாளி, கதிரைகள், அவற்றுக்கு மேல் செம்மஞ்சள் ஜாக்கெட்டோடு றெனோல்ட். ஸ்லெட்டை நாற்பதடிக் கயிற்றில் கட்டி இழுக்க வேண்டும் என்பது அவனுடைய ஏற்பாடு. பங்குனி ஐஸை நம்பேலாது, பாரம் எல்லாம் ஓரிடத்தில் இருக்கக்கூடாது என்று காரணம் சொன்னான். நாற்பதடி தள்ளியிருந்தால், இயந்திரச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். அவன் தகப்பன் சங்கு குளித்தவர். கடலுக்கு அடியில் நிற்கிறவன் வள்ளத்தில் இருக்கிறவனோடு கயிற்றால்தான் கதைப்பானாம். அதே மாதிரி ஒரு சிறு கயிற்றை வசீகரனின் இடுப்புப் பட்டியில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொள்வான். ஒன்று இழுத்தால் நில். இரண்டு இழுத்தால் போ. “மூண்டு இழுத்தால் வேறை கேள்வியே இல்லை அண்ணை. என்ன வேலையிலை நிண்டாலும் விட்டிட்டுத் தூக்க வேணும்.” கடல் விளையாட்டை எல்லாம் ஏரியில் காட்ட வந்துவிட்டான் என்று வசீகரனுக்கு எரிச்சல் வந்தாலும், ஒவ்வொரு முறையும் கட்ட விட்டான்.

இரண்டு இழுப்பு வந்தது. வசீகரன் திரும்பிப் பார்த்து, றெனோல்ட் ஏறியிருப்பதை உறுதிசெய்துகொண்டு கிளம்பினான்.

கரைக்கு மூன்று கிலோமீட்டர். வழி தவறாமலிருக்க, நத்தார்ப் பண்டிகை முடிந்து வீதியில் எறிந்த மரங்களைக் கொண்டுவந்து ஊர்க்காரர் ஐஸில் வரிசையாக நட்டிருந்தார்கள். புகாருக்குள் ஒரு மரம் மறைய அடுத்த மரம் மெல்லக் கறுத்து வந்தது. வாடிப்போன ஊசியிலைகள், ஒரு கொப்பில் இன்னும் தொங்குகிற வெள்ளிச் சரிகை. எஞ்சினின் எண்ணெய்ப் புகையும் ஈரப் பனியின் வாடையும் தலைக்கவசத்துக்குள் வந்து அடைத்துக்கொண்டன. அவற்றுக்கு அடியில் இன்னொரு மணமும் இருந்தது, கன நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருகிற மாதிரி ஒரு சேற்று மணம். பனி உருகுகிறது, ஏரி நாறத்தானே செய்யும். வண்டியின் முன்பக்கச் சறுக்குகளுக்குக் கீழே தண்ணீர் சளக் சளக் என்றது. எங்கோ தூரத்தில் ஐஸ் நீளமாய் முனகியது; அந்தச் சத்தம் கால்களுக்கு அடியால் ஓடி மறுகரைக்குப் போனது.

ஐந்து மரம் கடந்திருப்பான். இடுப்பில் ஒரு இழுப்பு. நில்.

அவன் நிறுத்தினான். கயிற்றில் வருகிற ஸ்லெட்டுக்கு பிரேக் ஏது? அது புகாரைக் கிழித்துக்கொண்டு வந்து வண்டியின் பின்பக்கத்தில் டமார் என்று முட்டியது. அடுப்பு உருண்டது.

“என்னண்ணை, சொல்லாமல் கொள்ளாமல் நிப்பாட்டுறியள்?”

“நீர்தானே இழுத்தனீர்!”

“நானோ?” றெனோல்ட் இடக்கையை உயர்த்திக் காட்டினான். கயிற்றின் முனை கையுறையில் மூன்று சுற்றாகச் சுற்றியிருந்தது. “கையை மடிக்குள்ளையெல்லோ வைச்சுக்கொண்டிருக்கிறன்.”

“உமக்குப் பகிடி விட வேறை நேரம் கிடைக்கேல்லையே?”

“உங்களோடை பகிடி விடுற அளவுக்கு நான் இன்னும் வரேல்லை அண்ணை.”

அதைக் கோபமில்லாமல்தான் சொன்னான். அதனாலேயே வசீகரனுக்குச் சுருக்கென்றது. ஏறி விசையை அழுத்தினான். ஸ்லெட் மறுபடி நாற்பதடி பின்னால் போய், புகாருக்குள் ஒரு செம்மஞ்சள் கறையாகி, கடைசியில் அதுவும் இல்லாமல் போனது. பெரிய கயிறு மட்டும் வெள்ளைச் சுவருக்குள்ளிருந்து புறப்பட்டு வந்து வண்டியின் கொக்கியில் முடிந்தது.

வண்டி பாரம் இழுக்கத் தொடங்கியது.

முதலில் அவன் அதைப் பனிக்களி என்றுதான் நினைத்தான். ஐஸுக்கு மேல் நிற்கிற தண்ணீரும் பனியும் கலந்து கஞ்சி மாதிரியாகி, அடியில் பிடித்து இழுக்கும். ஆனால் களி இல்லாத இடத்திலும் எஞ்சின் திணறியது. விசையை முழுதாக அழுத்தியும் நடக்கிற வேகத்தில்தான் போனது. காலையில் இதே சாமானோடும் இதே ஆளோடும் வந்த வண்டி. அதில் மூன்று மீனாவது கூடியிருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். அவனுக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம் வந்தது. காற்சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. தாட்சாயினியாக இருக்கும். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பாள். ஏரி நடுவில் நிற்கிறோம், உன் புருசன் சாமானோடு சேர்த்து ஏரியையும் கட்டி இழுக்கிறான் என்று சொல்வதா? நல்ல காய்ந்த இடம் பார்த்து, தானாகவே வண்டியை நிறுத்தி இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

றெனோல்ட் ஸ்லெட்டுக்குள் எழும்பி நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

“அண்ணை, இதுக்குள்ளை தண்ணி.”

ஸ்லெட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கூடாரப் பை மிதந்தது. எங்கேயும் ஓட்டையில்லை, ஓட்டையிருந்தால் வந்த தண்ணீர் வெளியேயும் போயிருக்கும்.

“களி தெறிச்சு நிரம்பியிருக்கும். வாளியாலை இறையும்.”

“களியெண்டால் வெள்ளையாயெல்லோ இருக்கும். இது கறுப்பு.”

இருவரும் மாறி மாறி இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் பனியில் விழுந்து கறுப்பாகப் பரவியது. அந்தக் கிணற்று வாடை மூக்கில் ஏறியது. அடியில் வாளி தட்டிய பிறகுதான் வசீகரன் ஸ்லெட்டின் பின்பக்கம் போனான். பின் விளிம்பில் ஐஸ் உறைந்திருந்தது. விளிம்பு நெடுக இல்லை. எட்டே இடத்தில், ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். நாலு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம்.

அவன் கண் தானாகவே கீழே போனது. ஸ்லெட் வந்த தடம் பனியில் அகலப் பட்டையாகப் புகாருக்குள் போய் மறைந்தது. பட்டையின் நடுவில் இரண்டு ஈரக்கோடுகள், வந்த வழியெல்லாம். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டும் தரையில் இழுபட, யாரோ தொங்கிக்கொண்டு வந்த மாதிரி.

வசீகரன் ஓட்டைகளில் ஐஸ் அள்ளுகிற கரண்டியை எடுத்து அந்த எட்டு ஐஸையும் ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்தான். ஏன் அவ்வளவு பலமாக அடித்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை. பயந்திருந்தான், அதுதான் உண்மை. பயம் வந்தால் அவனுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“அண்ணை,” என்றான் றெனோல்ட் மெதுவாக. “இதை இப்பிடியே விட்டிட்டுப் போவம். நாளைக்கு வந்து எடுப்பம்.”

“மற்றவன்ரை சாமான். விட்டிட்டுப் போய் அவனுக்கு என்ன சொல்லுறது? பேயைக் கண்டனாங்கள் எண்டோ?”

“அப்ப நான் முன்னுக்கு வாறன். உங்களுக்குப் பின்னாலை ஏறுறன். கொஞ்சம் தள்ளி இருங்கோ, காணும்.”

“உது ஒராள் இருக்கிற சீற். பாரம் ஓரிடத்திலை இருக்கக்கூடாதெண்டு சொன்னது ஆர்? நீர்தானே?”

ஒராள் சீற்றில் இரண்டு பேர் நெருங்கி இருக்கலாம். பிரெஞ்சுக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு அப்படித்தான் போகிறார்கள், வசீகரனுக்கும் தெரியும். ஆனால் றெனோல்ட் தன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருவதை நினைக்க அவன் உடம்பு சுருங்கியது. நாலு வருடத்துக்கு முன்பு மண்டபத்தில் கத்தியது எதுவோ அது இன்னும் போகவில்லை. அதை அவன் அந்த இடத்திலேயே கண்டுகொண்டான், வெட்கப்பட்டான், ஆனாலும் மாறவில்லை.

“விசர்க்கதை கதையாமல் ஏறும். இன்னும் ஒரு கிலோமீட்டர். சாப்பாடு ஆறப்போகுது.”

றெனோல்ட் இரண்டாம் தரம் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் இரண்டாம் தரம் கேட்கிற ஆள் இல்லை அவன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். ஏறினான். கயிற்றைக் கையில் சுற்றினான்.

வசீகரன் வண்டிக்கு நடந்தான். நாற்பதடி. முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிற நாற்பதடி. திரும்பிப் பார்த்தபோது ஸ்லெட் தெரியவில்லை.

இரண்டு இழுப்பு.

கிளம்பினான். வண்டி இலேசாக ஓடியது. பார், தண்ணீர்தான் காரணம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மரம். இன்னொரு மரம். பிறகு, வெகு தூரத்தில், மஞ்சளாய் ஒரு புள்ளி. படகு இறக்கும் சாய்தளத்து மின்கம்பத்தின் வெளிச்சம். அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னும் ஐந்து நிமிடம். வாகனத்துக்குள் சூடு போடலாம். றெனோல்டிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம். வீட்டுக்குள் போகும்போது, இனி மச்சான் என்றே கூப்பிடும் என்று, தாட்சாயினிக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லலாம்.

கரைக்கு முன்னால் களி தொடங்கியது. காலையில் பாதியும் இருக்கவில்லை. இப்போது சறுக்குகள் மூடுகிற அளவுக்கு நின்றது. களிக்குள் வண்டியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் தாழும், பிறகு இரண்டு பேர் தள்ளியும் எழும்பாது. இரவல் தந்தவன் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். விசையை அழுத்து, கரை வரும்வரைக்கும் விடாதே.

அவன் அழுத்தினான்.

இடுப்பில் இழுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

வசீகரன் பல்லைக் கடித்தான். ஓட்டைக்குள் விழுந்து தானாய் இழுத்த கயிறு. கை மடிக்குள் இருக்கும்போது இழுத்த கயிறு. அந்தக் கயிற்றின் பேச்சைக் கேட்டு இந்தக் களிக்குள் நிற்பதா? நின்றால் வண்டி போகும். இரவல் வண்டி. ஆறு மணி. தங்கை.

ஒன்று. இரண்டு. மூன்று.

இந்தமுறை பட்டி வயிற்றில் வெட்டியது. அவன் பின்னால் சரிந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். போன் அதிர்ந்தது. வெளிச்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது. இன்னும் இருநூறடி. அங்கே நிறுத்துகிறேன். அங்கே போய்க் கேட்கிறேன். திரும்பிப் பார்த்தான். கயிறு. வெள்ளை.

ஒன்று. இரண்டு.

மூன்றாவது முழுதாக வரவில்லை. பாதியில் தளர்ந்தது.

வண்டி முன்னால் பாய்ந்தது, பின்னால் ஒன்றுமே கட்டியிராத மாதிரி. போன் இன்னும் அதிர்ந்தது. நின்றது. அவன் விசையை விடவில்லை. விரல் விடவில்லை. ஒரு மூச்சு நேரம். இரண்டு மூச்சு.

பிறகு பாரம் வந்தது. மெதுவாக, ஒருவர் ஏறி வசதியாக இருந்துகொள்கிற மாதிரி, கயிறு மறுபடி இறுகியது.

இடுப்பில் இரண்டு இழுப்பு. இதமாக.

போகலாம்.

வசீகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இப்ப போகலாமாம்,” என்று தலைக்கவசத்துக்குள் சத்தமாகச் சொன்னான். கண்ணில் தண்ணீர் முட்டியது. சறுக்குகள் சாய்தளத்துச் சீமெந்தில் கிறீச்சிட்டன. ஏறினான். எஞ்சினை நிறுத்தினான்.

அமைதி. எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

வாகனத் தரிப்பிடத்தில் அவனுடைய வாகனம் ஒன்றுதான் நின்றது. மின்கம்ப வெளிச்சத்தில் புகார் பால் மாதிரி இருந்தது. சாய்தளத்தின் அடியில் ஸ்லெட் வந்து நின்றிருந்தது. அதற்குள் செம்மஞ்சள் ஜாக்கெட் நேராக உட்கார்ந்திருந்தது. அவனுக்கு உயிர் வந்தது. இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தரையில் எறிந்தான்.

“என்ன காணும், மூண்டு மூண்டாய் இழுத்து என்னைச் சாக்காட்டப் பாத்தனீரே? இறங்கும். வந்திட்டம்.”

றெனோல்ட் பதில் சொல்லவில்லை. கோபமாயிருக்கும். கோபப்படட்டும், அவனுக்கு நியாயம் இருக்கிறது. வசீகரன் கையுறையைக் கழற்றிப் போனை எடுத்தான். தவறிய அழைப்புகள் நாலு. பழையது ஒன்று தாட்சாயினியுடையது. அதற்கு மேலே மூன்று, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள்.

மூன்றும் றெனோல்ட்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. தாட்சாயினி.

“அண்ணா, இவர் உங்களோடை நிக்கிறாரோ?”

“ஏன்?”

“இப்ப கோல் பண்ணினவர். ஒண்டும் வடிவாக் கேக்கேல்லை. ஒரே தண்ணிச் சத்தம். மூண்டு தரம் இழுத்தனான், அண்ணை நிப்பாட்டாமல் போறார் எண்டு சொன்னவர். பேந்து என்ரை பேரைச் சொன்னவர். ரெண்டு தரம் சொன்னவர். பேந்து ஒண்டுமில்லை.” அவள் மூச்சு வாங்கினாள். “என்னண்ணா அது? அவர் எங்கை?”

வசீகரன் ஸ்லெட்டைப் பார்த்தான்.

ஜாக்கெட் றெனோல்டுடையதுதான். தொப்பி முழுதாக இழுத்து மூடியிருந்தது, உள்ளே இருட்டு. கைகள் இரண்டும் பக்கவிளிம்புகளில் இருந்தன. கையுறை இல்லை. விரல்கள் இருந்தன, வெள்ளையாய், ஊறிப்போய், பக்கத்துக்கு நாலு. ஸ்லெட் விளிம்புவரை நிரம்பியிருந்தது. கறுத்த தண்ணீர் வழிந்து சாய்தளத்தால் இறங்கி ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது. வழிந்தது. குறையவில்லை.

“அண்ணா?”

அவசர உதவிக்கு 911 அடிக்க வேண்டும். அடித்து? ஆள் தண்ணீருக்குள் என்று சொல்ல வேண்டும். எந்த இடம்? இருநூறடி. திரும்பி ஓட வேண்டும். ஓடினால் அதைக் கடந்துதான் ஓட வேண்டும். மண்டபம். இருநூறு பேர். ஆத்துக்குள்ள தள்ளிப்போட்டுத்தான். யார் நம்புவார்கள்? கயிறு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் நம்புவாளா?

“அண்ணா, சொல்லுங்கோவன். இருக்கிறாரோ?”

“ஓம்,” என்றான் வசீகரன். தன் குரல் தனக்கே வேறாகக் கேட்டது. “இருக்கிறார். இஞ்சைதான் இருக்கிறார்.”

மறுபக்கத்தில் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். “அண்ணி, அவர் அண்ணாவோடைதான் நிக்கிறாராம்!” என்று குசினிக்குள் சொல்வது கேட்டது. பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம். யாரோ கடவுளே என்றார்கள்.

அது எழுந்தது.

ஸ்லெட்டிலிருந்து இறங்கியது. சாய்தளத்தால் ஏறி வந்தது. காலடிச் சத்தம் இல்லை, கால்கள் தூக்கப்படவில்லை. பின்னால் இரண்டு ஈரக்கோடுகள் விழுந்துகொண்டு வந்தன. அவனைக் கடந்தபோது கிணற்று வாடை. குளிர். தொப்பி அவன் பக்கம் திரும்பவில்லை. அவனுடைய வாகனத்துக்குப் போனது. முன்பக்கக் கதவைத் திறந்தது. சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் ஏறி இருந்தது.

சீற்றிலிருந்து தண்ணீர் வழிந்து படியால் விழத் தொடங்கியது. முன் கண்ணாடி உள்ளிருந்து வெள்ளையாகப் படர்ந்தது.

“கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணா. சோறு வடிச்சாச்சு,” என்றாள் தாட்சாயினி. பிறகு, “இல்லை, கொஞ்சம் பொறுங்கோ. அவரிட்டை ஒருக்காப் போனைக் குடுங்கோ. குரலைக் கேட்டால்தான் எனக்கு மனம் ஆறும்.”

வசீகரன் வாகனத்தின் பக்கம் திரும்பினான்.

வாகனத்தின் கதவு இன்னும் சாத்தப்படவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டது. உள்ளங்கை மேலே விரிந்திருந்தது, போனை வாங்குவதற்கு. அதில் தண்ணீர் நிரம்பியது, விரல்களுக்குள்ளால் ஒழுகியது, மறுபடி நிரம்பியது.

“அண்ணா? குடுத்திட்டியளோ?”